கல்லை எடுத்து ஓரமாப் போடு

போன வியாழக்கிழமை காலை அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அரூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். அத்தை பேத்திக்குக் காதுகுத்து. மொரப்பூருக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது அப்பா தோளைத் தட்டினார். "நிறுத்து, நிறுத்து." என்னவோ ஏதோ என்று ஓரம் கட்டினேன். மனிதர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வந்த வழியே முப்பது அடி திரும்பி நடந்தார். தார்ச் சாலையில் வெள்ளைக் கோட்டை ஒட்டித் தலை அளவுக் கருங்கல் மூன்று கிடந்தன. பக்கத்தில் காய்ந்து சருகான வேப்பங்கிளை. இரண்டு கல்லைக் காலால் உருட்டினார். மூன்றாவதைக் கையால் தூக்கிப் புளியமரத்தடியில் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"வேல முடிஞ்சி ரெண்டு நாளு ஆயிருக்கும். கல்ல எடுத்து ஓரமாப் போட்டுட்டுப் போவணும்னு ஒருத்தனுக்கும் தோணல பாரு. ராத்திரி பொண்டாட்டி புள்ளயோட வண்டில வர்றவன் என்னா ஆவான்?"

அப்பா நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளராக இருந்தவர். சாலையோரப் புதர் வெட்டுவது, வடிகாலில் மண் எடுப்பது, குழியில் ஜல்லியும் தாரும் போட்டு மூடுவது, மைல்கல்லுக்கு வண்ணம் அடிப்பது, புயல் மழைக்குச் சாய்ந்த மரத்தை அறுத்து வழி விடுவது என்று வருடம் முழுக்க ரோட்டிலேயே நிற்கிற வேலை. 1997ல் தமிழக அரசு சுமார் 10,000 பேரை இந்த வேலைக்கு எடுத்தபோதுதான் எங்கள் வீட்டுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது. 2002 செப்டம்பரில் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006 பிப்ரவரியில் திரும்ப எடுத்தார்கள். நடுவில் போன 41 மாதத்தையும் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி சாலைப் பணியாளர்கள் பல வருடம் போராடினார்கள். அந்த 41 மாதமும் அப்பா பெங்களூரில் சித்தாள் வேலை பார்த்தார். அதைத் தனியாக ஒரு நாள் எழுதவேண்டும்.

இன்றைக்கு எழுத வந்தது, கல்லைப் போட்டுவிட்டு ஒரு கிலோமீட்டர் போனதும் பார்த்ததைப் பற்றி.

கல்லை விட்டுப்போன அந்த வேலையின் அடுத்த துண்டு அங்கே நடந்துகொண்டிருந்தது. பேட்ச் ஒர்க். ஒரு டிராக்டர், ஒரு சின்ன ரோலர், தார் எமல்ஷன் டிரம், ஆணும் பெண்ணுமாக ஒன்பது பேர். முன்னால் ஒரே ஒரு சிவப்புக் கூம்பு. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கே போனாலும் யார் தலையில் ஹெல்மெட் இருக்கிறது, யார் காலில் ஷூ இல்லை என்று எண்ணுவது பழக்கமாகிவிட்டது. ஒன்பது பேரில் ஐந்து பேர் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டிருந்தார்கள். பரவாயில்லையே என்று நினைத்தேன். அப்பா ஜாக்கெட்டைப் பார்க்கவே இல்லை. நேராகக் கூம்பிடம் போய், அங்கிருந்து எட்டு வைத்து நடந்தார். குனிந்து எமல்ஷன் ஊற்றிக்கொண்டிருந்தவரின் முதுகு வரைக்கும் பதினான்கு எட்டு.

"பத்து மீட்டர்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

பத்து மீட்டர் என்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தச் சாலையில் கார்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணமாகப் போகின்றன. 80 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 22 மீட்டர். கூம்பைத் தாண்டிய வண்டி அரை நொடிகூட ஆகாமல் அந்த மனிதரின் முதுகில் இருக்கும். நம் நாட்டுச் சாலைகளுக்கு விதி எழுதுகிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.), ஓட்டுநர் ஒன்றைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைப்பதற்கே 2.5 நொடி என்று கணக்கு வைத்திருக்கிறது. அதற்குள் வண்டி 55 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகுதான் வேகம் குறையவே ஆரம்பிக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி நிற்க 120 மீட்டர் வேண்டும், 100ல் வந்தால் 180 மீட்டர் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதுவும் சமதரையில். இறக்கம் என்றால் இன்னும் கூடும். கிரானைட் ஏற்றிய லாரி, ஓட்டுநர் கண்ணில் தூக்கம் என்றால் சொல்லவே வேண்டாம்.

அப்பாவுக்கு இந்த 2.5 நொடியெல்லாம் தெரியாது. அவர் காலத்தில் கூம்பும் கிடையாது, ஜாக்கெட்டும் கிடையாது. கல், கிளை, கம்பில் கட்டிய சிவப்புத் துணி, சில நேரம் சுண்ணாம்பு அடித்த பழைய தார் டிரம். ஆனால் இருந்ததை வைத்து அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். முதல் கிளை தூரத்தில் மண் ஓரத்திலேயே இருக்கும், "ஏதோ நடக்குது" என்று சொல்வதற்கு. இரண்டாவது, தார் விளிம்பில். அப்புறம் கல் வரிசை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும், சாய்வாக. வண்டி தானாக ஒதுங்கிக்கொள்ளும். கடைசியில் கொடி பிடிக்கிறவர். "கொடி பிடிக்கிறவன் வண்டியப் பாத்து நிக்கணும், வேலையப் பாத்து நிக்கக்கூடாது. எங்க ஓடறதுன்னு எடம் பாத்துட்டுத்தான் கொடியவே தூக்கணும்" என்பார்.

பிற்பாடு நான் வேலைக்குப் போனபின் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 என்ற விதிப் புத்தகத்தைப் படித்தேன். வேலை நடக்கிற இடங்களில் போக்குவரத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கென்றே 2001ல் வந்து, 2014ல் திருத்தப்பட்ட புத்தகம். முன்னெச்சரிக்கைப் பகுதி, வண்டியைச் சாய்வாக ஒதுக்குகிற பகுதி, வேலைப் பகுதி, பழைய தடத்துக்குத் திரும்பவிடுகிற பகுதி என்று சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எதில் எந்தப் பலகை, எத்தனை கூம்பு, எவ்வளவு இடைவெளி என்று படம் போட்டிருக்கிறது. ஒதுக்கும் பகுதிக்கும் ஆள் நிற்கும் இடத்துக்கும் நடுவில் எதுவும் வைக்காமல் காலியாக ஓர் இடம் விடச் சொல்கிறது. மண் குவிக்கக்கூடாது, வண்டி நிறுத்தக்கூடாது. தப்பி உள்ளே வருகிற வண்டி, மனிதனைத் தொடும் முன் நிற்பதற்கான இடம் அது. படித்தபோது அப்பாவின் வேப்பங்கிளைதான் நினைவுக்கு வந்தது. வேலை தெரிந்தவர்கள் கண்டுபிடித்ததும் புத்தகம் எழுதியவர்கள் கண்டுபிடித்ததும் ஒன்றுதான்: வண்டியைத் தூரத்திலேயே பிடித்து நிறுத்து.

ஜாக்கெட்டை நான் குறைத்துப் பேசவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்ததே அதைப் போட வைக்கத்தான். அதில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது, பலருக்கு ஒன்றாகவே தெரியும். பச்சை மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ கண்ணைப் பறிக்கிற அந்தத் துணி, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரிகிற ஒளியாகத் திருப்பித் தருகிறது. அதனால்தான் மேகமூட்டத்திலும் விடிகாலையிலும் அப்படிப் பளிச்சிடும். ராத்திரி அதற்கு வேலை கிடையாது. ராத்திரி வேலை செய்வது அதன்மேல் தைத்திருக்கும் சாம்பல் நிறப் பட்டை. அதில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி மணிகள் பதித்திருக்கும். முன்விளக்கின் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கமே அதைத் திருப்பி அனுப்பும், ஓட்டுநர் கண்ணுக்கு. இந்தியாவில் இதற்கு ஐ.எஸ். 15809 என்று தரம் இருக்கிறது. அந்தத் தரத்தில் வாங்கினால்தான் அது பாதுகாப்பு உடை. சந்தையில் விலை மலிவாகக் கிடைப்பதில் பல வெறும் பளபளப்புத் துணி.

வீட்டிலேயே சோதிக்கலாம். இருட்டில் ஜாக்கெட்டை இருபது அடி தள்ளி மாட்டிவிட்டு, போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். பட்டை வெள்ளை நெருப்பு மாதிரி எரிந்தால் நல்ல சரக்கு. மங்கலாகத் தெரிந்தால் அது பழையது, அல்லது அழுக்கு, அல்லது போலி. தார் வேலையில் ஒரு வாரம் போட்ட ஜாக்கெட்டை இப்படிப் பார்த்திருக்கிறேன். சிமென்ட் தூசியும் தாரும் ஏறிய பட்டை செத்துப்போயிருந்தது. அதற்குமேல் தோளில் துண்டு. குனிந்து வேலை செய்யும்போது நெஞ்சுப் பட்டை தரையைப் பார்க்கும். இருக்கிற பாதுகாப்பிலும் பாதி இப்படிப் போய்விடுகிறது.

எங்கள் துறையில் முதல் நாளே சொல்லித் தருவது ஒன்று உண்டு. ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா பார். முடியாவிட்டால் ஆபத்துக்கும் ஆளுக்கும் நடுவில் தடுப்பு வை. அப்புறம் வேலை செய்யும் முறையை மாற்று. இதெல்லாம் செய்த பிறகும் மிச்சம் இருக்கிற ஆபத்துக்குத்தான் ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ. சாலை வேலையில் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறோம். போட்டோவில் தெரிகிற பொருளை முதலில் வாங்குகிறோம். போட்டோவில் தெரியாத 120 மீட்டர் தூரத்தை வாங்குவதில்லை.

ஏன் வாங்குவதில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் சாலைப் பணி விவரக்குறிப்பு என்று ஒரு தடிமனான புத்தகம், 2013 பதிப்பு. அதில் 112ஆம் பிரிவு கட்டுமானத்தின்போது போக்குவரத்தைக் கையாள்வது பற்றியது. பலகை, தடுப்பு, விளக்கு, கொடி ஆள் எல்லாம் வைக்கச் சொல்கிறது. பணம் தருவதைப் பற்றிச் சொல்லும் இடத்தில், இந்த ஏற்பாடுகள் வேலையோடு சேர்ந்தவை, ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்று முடிக்கிறது. தற்காலிக மாற்றுப்பாதை போட்டால் அதற்கு மீட்டர் கணக்கில் பணம் உண்டு. கூம்புக்கும் கொடி ஆளுக்கும் இந்தப் பிரிவின்படி தனியாக அளந்து தரும் பணம் இல்லை. ஜல்லிக்கு அளவு உண்டு, தாருக்கு அளவு உண்டு. கூம்பு எத்தனை குறைகிறதோ அத்தனையும் ஒருவருக்கு மிச்சம். பெரிய கம்பெனி சின்ன கான்ட்ராக்டருக்குக் கொடுத்து, அவர் மேஸ்திரிக்குக் கொடுத்து, மேஸ்திரி குடும்பம் குடும்பமாக ஆள் கூட்டிக்கொண்டு வருகிறார். அந்த மேஸ்திரியிடம் போய் "120 மீட்டருக்குக் கூம்பு வை" என்றால் அவர் எந்தக் காசில் வைப்பார்? கூம்புக்கும் கொடி பிடிக்கும் ஆளுக்கும் டெண்டரிலேயே தனி வரி, தனி அளவு, தனிப் பணம் இருந்தால் நிலைமை மாறும் என்பது என் உறுதியான எண்ணம். அளந்து பணம் தருகிற பொருள்தான் சைட்டுக்கு வந்து சேரும்.

கொடி பிடிக்கிறவரைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஒன்பது பேர் கும்பலில் யாரைக் கொடிக்கு நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். பாண்டு தூக்க முடியாத வயசாளி, அல்லது காய்ச்சலில் வந்தவர். மொத்தக் கும்பலின் உயிரும் யார் கையில் இருக்கிறதோ அந்த இடத்துக்கு, வேறு வேலைக்கு முடியாதவரை அனுப்புகிறோம். அன்றைக்கு அங்கே கொடி பிடிக்க ஆளே இல்லை. ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் போகிற சாலை நான்கு வழியான காலத்தில் வாராவாரம் அதில் போய்வந்தேன். வேலைக்கு ஆட்கள் எத்தனையோ பேர் நின்றார்கள். வண்டியைப் பார்த்துத் திரும்பி நின்ற கொடி ஆளை எப்போதாவதுதான் பார்த்தேன்.

தருமபுரிக்காரர்களிடம் இறக்கத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தொப்பூர் கணவாய் நம் வாசலில் இருக்கிறது. தருமபுரியிலிருந்து சேலம் போகிற லாரிகள் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதும், கட்டமேட்டிலும் இரட்டைப் பாலத்திலும் போய் மோதுவதும் எத்தனை முறை. 2020 டிசம்பர் 12 அன்று ஒரே லாரி அடுத்தடுத்துப் பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று இன்னொரு லாரி, மறுபடியும் நான்கு பேர். நடுவில் சிக்கிய கார் எரிந்த அந்தக் காட்சியைக் கேமராப் பதிவில் ஊரே பார்த்தது. வளைவுகளைத் தவிர்த்து அங்கே உயர்மட்டச் சாலை கட்டத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் திட்டம் போட்டிருப்பது நல்ல செய்தி. ஆனால் கட்டுகிற காலத்தில் அந்த இறக்கத்தில் மனிதர்கள் நின்று வேலை செய்யவேண்டும், அவர்களை ஒட்டியே அந்த லாரிகளும் இறங்கும். எனக்கு அதுதான் கவலை.

ஒரு தடத்தை அடைத்தால் வண்டிகள் வரிசை கட்டும். வரிசை நீண்டுகொண்டே மேட்டுப் பக்கம் ஏறும். எச்சரிக்கைப் பலகை வேலைக்கு முன்னால் 500 மீட்டரில் இருக்கிறது, வரிசையின் வால் 800 மீட்டரில் இருக்கிறது என்றால், மேலே இருந்து பிரேக் சூட்டோடு வருகிறவர் பலகையைப் பார்க்கும் முன்பே வாலைப் பார்த்துவிடுவார். அங்கே பலகையை ஒரே இடத்தில் நட்டுவிட்டுப் போக முடியாது. வால் எங்கே நகர்கிறதோ அதற்கும் மேலே ஒரு வண்டி விளக்கை எரித்துக்கொண்டு நகர வேண்டும். கணவாய்க்குள் நுழையும் முன்பே லாரிகளை நிறுத்தி, கியரில் இறங்கச் சொல்லி, விட்டு விட்டு அனுப்பவேண்டும். இதையெல்லாம் செய்தால்தான் கீழே ஜாக்கெட் போட்டு நிற்கிறவருக்கு அந்த ஜாக்கெட்டால் பயன்.

அமெரிக்காவில் மத்திய அரசின் நிதி பெறும் சாலைகளில் வேலை செய்கிறவர்கள் பளிச்சிடும் உடை போட்டே ஆகவேண்டும் என்ற விதி 2008 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அங்கேயே மேரிலாந்து மாநிலத்தில் 2023 மார்ச்சில் ஆறு சாலைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கான்கிரீட் தடுப்புச் சுவருக்கு உள்ளே வேலை செய்தவர்கள். வேலை வண்டிகள் வந்துபோக விட்ட இடைவெளி வழியாக, தறிகெட்டு வந்த கார் உள்ளே புகுந்துவிட்டது. மறு வருடம் அதே மார்ச், அதே மாநிலம், பால்டிமோர் துறைமுகத்தில் கப்பல் மோதிப் பாலம் விழுந்தது. பாலத்தின்மேல் ராத்திரியில் குழி மூடிக்கொண்டிருந்த கும்பலில் ஆறு பேர் போனார்கள். பிழைக்க வந்த மெக்சிகோ, மத்திய அமெரிக்க நாட்டுக்காரர்கள். கப்பலிலிருந்து எச்சரிக்கை வந்ததும் போலீஸார் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மேலே வேலை செய்தவர்களுக்குச் சொல்லத்தான் நேரம் கிடைக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அது நம் அப்பாக்கள் செய்த வேலை.

நம் ஊர்க் கதையும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 1 அன்று மகாராஷ்டிராவின் சம்ருத்தி விரைவுச்சாலை வேலையில், தாணே மாவட்டம் ஷாஹாபூர் பக்கம், பாலத்துக்கு உத்தரம் தூக்கிவைக்கும் ராட்சத எந்திரம் நள்ளிரவில் சரிந்து 20 பேர் இறந்தார்கள். அதில் இருவர் தமிழர்கள். ஒருவர் கிருஷ்ணகிரி, 2004 வரைக்கும் நம் மாவட்டமாக இருந்த கிருஷ்ணகிரி. நூற்றுக்கணக்கான டன் எடை மேலிருந்து வரும்போது ஹெல்மெட் என்ன செய்யும்?

ஹெல்மெட் என்றதும் சொல்லவேண்டியது ஒன்று. மொரப்பூர் பக்கம் பார்த்த ஒன்பது பேரில் நான்கு பேர் பெண்கள். ஜாக்கெட் இல்லாத நான்கு பேர் யார் என்று எண்ணினால் அதே நான்கு பேர். புடவைக்கு மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, துண்டின்மேல் சும்மாடு, அதன்மேல் ஜல்லிப் பாண்டு. ஹெல்மெட் போடச் சொல்லலாம். எங்கே போடுவார்கள்? சும்மாடு இருக்கும் தலையில் ஹெல்மெட் உட்காராது. ஹெல்மெட்மேல் பாண்டு நிற்காது. சாலை வேலைக்குப் பாதுகாப்புப் பட்டியல் எழுதுகிறவர்கள் தலையில் சுமை தூக்கும் பெண்ணை மனதில் வைத்து எழுதவே இல்லை என்று இதை வைத்தே சொல்லலாம். தலைச்சுமையை எடுத்துவிட்டுத் தள்ளுவண்டி கொடுத்தால்தான் ஹெல்மெட் என்ற பேச்சே வரும். அதே மாதிரிதான் ஜாக்கெட்டும். ஆண் அளவில் வருகிறது. புடவை முந்தானைமேல் போட்டால் பக்கவாட்டுக் கயிறு தொங்கும், ரோலர் பக்கத்தில் நிற்கும்போது எதிலாவது மாட்டும். அதனால் கழற்றி டிராக்டரில் வைத்துவிடுகிறார்கள். "பொம்பளைங்க போடமாட்டேங்கறாங்க சார்" என்று மேஸ்திரி என்னிடம் சொன்னார். போட முடிகிற மாதிரி ஒன்றைத் தந்துவிட்டு அப்புறம் அதைச் சொல்லவேண்டும்.

சூட்டைப் பற்றியும் எழுதியே ஆகவேண்டும். பெரிய சாலைகளுக்குப் போடும் வி.ஜி. 30 வகைத் தார்க் கலவை பிளான்ட்டில் 150 முதல் 165 டிகிரியில் கலக்கப்படுகிறது. ரோட்டில் விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக்கூடாது. கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரி. கொதி தண்ணீர் வழிந்து ஓடிவிடும். தார் தோலில் ஒட்டி நின்று சுடும். கலவையை விரிக்கும் பேவர் எந்திரத்துக்குப் பின்னால் ரேக் போடுகிறவர்கள் இந்தச் சூட்டின்மேல் நின்றுகொண்டு, மேலே சித்திரை வெயிலோடு வேலை செய்கிறார்கள். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்குப் பேவர் ஓடுவதை யாரும் நிறுத்தியதாக நான் பார்க்கவில்லை.

அப்பா காலத்தில் இன்னும் மோசம். காலில் சாக்கைச் சுற்றி, பழைய டயரில் வெட்டிய செருப்பு. தார் வாளி தளும்பிப் பட்டால் டீசலைத் தேய்த்து உரிப்பார்கள். அப்பாவின் இடது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழவழவென்று இருக்கும். தாரோடு தோலும் வந்ததன் அடையாளம். இதைப் படிக்கிற யாராவது சைட்டில் இருந்தால் தயவுசெய்து கேளுங்கள்: தார் பட்டால் உரிக்காதீர்கள். டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் வேண்டாம். உடனே ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடமாவது பிடியுங்கள். ஒட்டிய தாரை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தருமபுரி அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தாரை எப்படி எடுப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.

தார்ப் புகையையும் சாலை போடுகிறவர்கள் தினமும் சுவாசிக்கிறார்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ள வகையில் சேரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011ல் முடிவு செய்தது. கல் அறுக்கும்போதும் கான்கிரீட் வெட்டும்போதும் பறக்கும் சிலிக்கா தூசி சந்தேகத்துக்கே இடமில்லாத புற்றுநோய்க் காரணி, நுரையீரலையும் கல்லாக்கும். முகத்தில் கட்டும் துண்டு மண்ணைத்தான் தடுக்கும். உள்ளே போய் உட்காருகிற நுண் தூசியைத் தடுக்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996ல் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்னாலேயே 1994ல் நல வாரியம் வந்துவிட்டது. இப்போது 1996 சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம். பாதுகாப்புக்காகத் தருகிற எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் 198-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சாலையை வகுத்த, கட்டிய, பராமரிக்கிற தரப்பு, அரசு விதித்த பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் யாராவது இறந்தாலோ ஊனமானாலோ ஒரு லட்சம் வரை அபராதம்.

ஆனால் காவல் நிலையத்தில் என்ன எழுதுகிறார்கள்? அப்பாவோடு வேலை செய்த ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை, வடிகால் ஓரம் குனிந்து புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த வேன் இடித்து இடது கால் போனது. வழக்குப் பதிவை நான்தான் படித்துக் காட்டினேன். வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து சாலையோரம் நின்றவர் மீது மோதி, என்று போகும். ஓட்டுநர் தப்புச் செய்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் பலகை எங்கே இருந்தது, கூம்பு இருந்ததா, கொடி ஆள் இருந்தாரா என்று ஒரு கேள்விகூட இல்லை. அவர் அங்கே வேலைக்கு நின்றார் என்பதே ஒரு சொல்லாகத்தான் வந்துபோயிற்று.

பெரிய கணக்கிலும் அப்படித்தான். 2022ல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள், 1,68,491 மரணங்கள் என்று அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. இறந்தவர்களைப் பாதசாரி, சைக்கிள், இருசக்கர வண்டி, ஆட்டோ, கார், லாரி, பேருந்து என்று பிரிக்கிறார்கள். வேலை நடக்கும் சாலையில் நடந்த விபத்துகளுக்கும் ஒரு கட்டம் உண்டு. சாலையில் வேலை செய்துகொண்டிருந்தவர் என்ற கட்டம் மட்டும் கிடையாது. மம்முட்டியோடு நின்றவர் பாதசாரி ஆகிவிடுகிறார். அவரைத் தனியாக எண்ணாத வரைக்கும் எத்தனை பேர் என்றே தெரியாது. அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் செலவு ஒன்றும் ஆகாது. இதை எழுதி, கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை மனு நாளில் கொடுப்பதாக இருக்கிறேன். தொப்பூர் விஷயத்தையும் சேர்த்து.

அன்றைக்கு அப்பா அந்தக் கும்பலோடு அரை மணி நேரம் நின்றுவிட்டார். காதுகுத்துக்கு நேரம் ஆகிறது என்று நான் இரண்டு முறை சொன்னேன், காதில் வாங்கவில்லை. மேஸ்திரியைத் திட்டவில்லை. "நானும் இந்த வேலதாம்பா" என்று ஆரம்பித்தார். இருந்த ஒரே கூம்பைக் கொண்டுபோய் நூறு எட்டு தள்ளி வைக்கச் சொன்னார். கிளை ஒடித்து நடுவில் இரண்டு இடத்தில் போட வைத்தார். ரோலர் ஓட்டுகிறவரின் தம்பிப் பையனைக் கூப்பிட்டு, கையில் சிவப்புத் துண்டைக் கொடுத்து, வண்டியைப் பார்த்து எப்படி நிற்பது, எந்தப் பக்கம் குதிப்பது என்று காட்டினார். வண்டிகள் தூரத்திலேயே மெதுவாவதை நானே பார்த்தேன். சாயங்காலம் கிளம்பும்போது கல்லையும் கிளையையும் எடுத்துப் போடவேண்டும் என்று நான்கு முறை சொன்னார்.

பாண்டு தூக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் தந்த பாதுகாப்பு ஷூவைத்தான் நான் வெளியிலும் போடுவேன்.

"தம்பி, இது என்னா வெல?"

சொன்னேன்.

"பொம்பளைக்கு வருமா? அஞ்சாம் நம்பரு?" அவர் காலில் ரப்பர் செருப்பு. கட்டை விரல் நகம் கறுத்திருந்தது, கல் விழுந்ததாம்.

திரும்பி வரும்போது தருமபுரியில் மூன்று கடை ஏறி இறங்கினோம். முன்புறம் இரும்பு வைத்த ஷூ எல்லாக் கடையிலும் இருந்தது. ஆறாம் நம்பரில்தான் ஆரம்பம். பெண்கள் அளவு என்று கேட்டதும் முதல் இரண்டு கடையிலும் ஒரு மாதிரி பார்த்தார்கள். மூன்றாவது கடைக்காரர் மட்டும் ஒரு நோட்டை எடுத்து, "எத்தன ஜோடி?" என்றார். நான் ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா குறுக்கே வந்து, "நாலு பேரு இருந்தாங்க இல்ல, மத்தவங்க அளவு கேக்கலியே நாம" என்றார். அளவு கேட்டுக்கொண்டு சொன்னால் சேலத்திலிருந்து வரவழைத்து வைக்கிறேன், புதன்கிழமை வாங்க என்றார் கடைக்காரர். நாளைக்குக் காலையில் மறுபடி மொரப்பூர் ரோட்டுக்குப் போகிறோம். வேலை இந்நேரம் எந்த ஊர்ப் பக்கம் நகர்ந்திருக்கிறதோ, கல்லைப் பார்த்துக்கொண்டே போகவேண்டியதுதான் என்கிறார் அப்பா.